இடறிய இடமும் விழுந்த இடமும்

கம்பைலர் கிராஷுக்கு வரும் திருத்தங்களில் ஒரு ரகம் எனக்கு எப்போதுமே உறுத்திக்கொண்டிருக்கும். ஸ்டாக் டிரேஸின் (விழுந்தபோது யார் யாரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்ற பட்டியலின்) உச்சியில் எந்த ஃபங்ஷன் நிற்கிறதோ அதைத் திறந்து, எந்தப் பாயிண்டர் காலியாக இருந்ததோ அதற்கு முன்னால் ‘காலியாக இருந்தால் திரும்பிவிடு’ என்று ஒரு வரியைச் செருகி, டெஸ்ட் பச்சையாகிவிட்டது என்று அனுப்பிவைப்பது. வேறு இடங்களில் இது சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் எல்டிஓ, அதாவது லிங்க் கட்டத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக வைத்துச் செய்யும் ஆப்டிமைசேஷன், நடக்கும்போது, டீபக்கருக்கான டீபக் தகவலை எழுதும் கட்டத்தில் கம்பைலர் விழுந்தால், இந்த ஒற்றை வரித் திருத்தம் அநேகமாக எப்போதுமே தவறு. டீபக் தகவலை எழுதும் பகுதி கம்பைலரின் கடைசிப் படி. அதற்கு முன்னால் நிரலைப் படிப்படியாக மாற்றும் நூற்றுக்கும் மேற்பட்ட பாஸ்கள் ஓடி முடிந்திருக்கும். அவற்றில் எதுவோ ஒன்று ஒரு வாக்கை மீறியிருக்கும். அந்த வாக்கை நம்பிக் காலை வைத்த கடைசி ஆள்தான் விழுகிறான். விழுந்தவன் காலில் கட்டுப்போட்டால் வழியில் கிடக்கும் கல் அப்படியேதான் கிடக்கும்.

ஒரே ஒரு கிராஷை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். எல்எல்விஎம் கம்பைலர் தொகுப்பு, அதன் எல்எல்டி லிங்கர், முழு எல்டிஓ. ஒவ்வொரு ஃபங்ஷனின் நுழைவிலும் ஒரு ரன்டைம் ஃபங்ஷனுக்கு (நிரலோடு இணையும் துணை லைப்ரரியில் உள்ளது) அழைப்பைச் செருகும் இன்ஸ்ட்ருமென்டேஷன் பாஸ் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பைல் கட்டத்தில், ஆப்டிமைசேஷன் தொடங்கும் முன்பே அது ஓடிவிடும். ‘-ஓ2 -ஜி’ கொடுத்துத் தனித்தனிக் கோப்பாகக் கம்பைல் செய்தால் ஒரு சிக்கலும் இல்லை. ‘-எஃப்எல்டிஓ’ சேர்த்தாலும், ரன்டைம் லைப்ரரி சாதாரண ஆப்ஜெக்ட் கோப்பாக வரும்வரை சிக்கல் இல்லை. ரன்டைமையும் ‘-எஃப்எல்டிஓ -ஜி’ கொடுத்துக் கட்டியதும் லிங்க் விழுகிறது. லிங்க் நேரத்தைக் குறைப்பதற்காக லிங்கருக்கு ‘--டிஸேபிள்-வெரிஃபை’ கொடுத்து, நிரல் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் வெரிஃபையரை அணைத்து வைத்திருக்கிறார்கள். இது பின்னால் முக்கியமாகும்.

டிரேஸ் சொல்வதும் சொல்லாததும்

அசெர்ஷன் (கம்பைலர் தன்னைத்தானே சரிபார்க்கும் உட்சோதனை) அணைக்கப்பட்ட ரிலீஸ் கம்பைலரில் இந்தத் தவறுக்கு நிலையான முகம் கிடையாது. சில நிரல்களில் டுவார்ஃப் (டீபக் தகவலின் வடிவம்) எழுதும் வகுப்புக்குள் எங்கோ செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். சில நிரல்களில் எதுவுமே விழாது. தப்பான டீபக் தகவல் அமைதியாக எழுதப்பட்டுவிடும். இரண்டாவதுதான் மோசம். அதனால் வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால், அதே கமிட்டிலிருந்து அசெர்ஷன்களை இயக்கிய கம்பைலர் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு நேரம் ஆகும் என்று தள்ளிப்போடுபவர்கள் அதைவிடப் பல மடங்கு நேரத்தை ரிலீஸ் டிரேஸை உற்றுப் பார்த்தே செலவழிக்கிறார்கள்.

அசெர்ஷன் இயங்கும் கம்பைலர் விழும் இடம் ‘லெக்ஸிக்கல்ஸ்கோப்ஸ்’. ஒரு மெஷின் ஃபங்ஷனில் உள்ள கட்டளைகளின் லொகேஷன்களை வைத்து ஸ்கோப் (எந்த ஃபங்ஷன், அதற்குள் எந்த பிளாக் என்ற எல்லை) மரத்தைக் கட்டுவது அதன் வேலை. ஒவ்வொரு லொகேஷனிலும் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: வரி, நெடுவரிசை, ஸ்கோப், பிறகு ‘இன்லைன்ட்அட்’. இந்தக் கடைசி அங்கம் காலியாக இருந்தால், இந்தக் கட்டளை இந்த ஃபங்ஷனுக்கே சொந்தம், வேறெங்கிருந்தும் இன்லைன் ஆகி (அழைப்பு இருந்த இடத்தில் உடல் நகலாகி) வரவில்லை என்று பொருள். அப்படியானால் ஸ்கோப் சங்கிலியில் மேலே ஏறிக்கொண்டே போய் எட்டும் சப்புரோகிராம் (ஒரு ஃபங்ஷனைக் குறிக்கும் டீபக் பதிவு), இப்போது எழுதப்படும் ஃபங்ஷனுடையதாகத்தான் இருந்தாக வேண்டும். மரத்தின் வேரை உருவாக்கும் இடத்தில் இதைச் சரிபார்க்கும் அசெர்ஷன்தான் உடைகிறது. அதாவது, வேறு யாருடைய சப்புரோகிராமோ இந்த ஃபங்ஷனுக்குள் வந்து, தானும் வீட்டுக்காரன்தான் என்று உட்கார்ந்திருக்கிறது.

இங்கேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் எழுதும் திருத்தம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். சப்புரோகிராம் பொருந்தவில்லை என்றால் அந்த ஸ்கோப்பைத் தவிர்த்துவிடு. லிங்க் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கட்டளைகள் அழியவில்லை. அவற்றின் வரி எண்கள் வரி அட்டவணைக்குப் போய்ச் சேரும். கூப்பிட்ட ஃபங்ஷனின் முகவரி எல்லைக்குள் ரன்டைம் கோப்பின் வரிகள் இருக்கும், ஆனால் ‘இன்லைன் ஆன சப்ரூட்டீன்’ என்று அதைச் சொல்லும் டுவார்ஃப் பதிவு இருக்காது. டீபக்கரில் பேக்டிரேஸ் எடுத்தால் ஃபங்ஷன் பெயர் ஒன்று, கோப்பு வேறொன்று. புரொஃபைலர் அந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் தவறான ஆள்மேல் எழுதும். கிராஷ் ஆகும் கம்பைலராவது ஏதோ தவறு என்று சொல்கிறது. பொய்யான டீபக் தகவல் அதைக்கூடச் சொல்லாது.

சேமித்த கோப்பில் கிராஷ் காணோம்

அடுத்தது கிராஷைக் கையில் பிடிக்கும் வேலை. எல்எல்டிக்கு ‘--ரீப்ரொட்யூஸ்’ கொடுத்தால் லிங்குக்குப் போன எல்லா உள்ளீடுகளையும் கட்டளை வரியையும் ஒரு டார் கோப்பில் கட்டித் தந்துவிடும். இனி பெரிய கட்டுமான அமைப்பை மறந்துவிடலாம். அதைப் பிரித்து, ‘--சேவ்-டெம்ப்ஸ்’ சேர்த்து மறுபடி லிங்க் செய்தால் எல்டிஓவின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு பிட்கோட் கோப்பு (எல்எல்விஎம்மின் இடைநிலை வடிவமான ஐஆரைச் சேமித்தது) விழும். பெயரில் உள்ள எண் வரிசையைக் கவனியுங்கள்: ‘0.ப்ரீஆப்ட்’ என்பது எல்லா மாட்யூல்களும் (ஒவ்வொரு மூலக் கோப்பிலிருந்தும் வந்த ஐஆர்) ஒன்றாக இணைந்தவுடன், எந்த ஆப்டிமைசேஷனும் தொடாத நிலை. ‘2.இன்டர்னலைஸ்’, ‘4.ஆப்ட்’, கடைசியாக ‘5.ப்ரீகோட்ஜென்’, அதாவது மெஷின் கோடாக மாறுவதற்குச் சற்று முந்தைய நிலை. நடுவில் விடுபட்ட 1, 3 இரண்டும் எல்டிஓவின் இன்னொரு வகையான தின் எல்டிஓவுக்கு உரியவை.

கிராஷ் மெஷின் கோடு உருவாக்கும் கோட்ஜென்னில் என்பதால் ‘5.ப்ரீகோட்ஜென்’ கோப்பை எடுத்து, பிட்கோட்டை அசெம்பிளியாக்கும் ‘எல்எல்சி’க்குக் கொடுப்பதுதான் இயல்பான அடுத்த அடி. கொடுத்துப் பார்த்தால், விழாது. அசெம்பிளி வெளியே வந்துவிடும். இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். ‘லிங்கருக்குள் மட்டும்தான் வருகிறது, மெமரி கெட்டுப்போயிருக்க வேண்டும்’ என்று முடிவுக்கு வந்து, மெமரிப் பிழை தேடும் சானிடைசரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதில் இரண்டு நாள் போகும்.

எல்எல்சி விழாததற்குக் காரணம் அது எரர் வெளியீட்டில் எழுதிய இரண்டு செய்திகளில் இருக்கிறது. அசெம்பிளி வந்துவிட்ட மகிழ்ச்சியில் அவற்றை யாரும் படிப்பதில்லை. இரண்டாவது செய்தி ஓர் எச்சரிக்கை: இந்தக் கோப்பில் உள்ள செல்லாத டீபக் தகவலைப் புறக்கணிக்கிறேன் என்கிறது. எல்எல்விஎம்மில் பிட்கோட் கோப்பு எதைப் படித்தாலும், டீபக் தகவலைப் புதுப்பிக்கும் படி ஒன்று தானாக ஓடும். பழைய பதிப்புக் கோப்புகளுக்காக வைத்தது அது. வெரிஃபையரை ஓட்டிப் பார்த்து, டீபக் தகவல் மட்டும் கெட்டிருந்தால் மாட்யூலிலிருந்து டீபக் தகவல் முழுவதையும் உரித்து எறிந்துவிட்டு மேலே போய்விடும். சாட்சி சொல்ல வேண்டியவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு விசாரணை நடத்துவது மாதிரி. உரித்துவிட்ட பிறகு விழுவதற்கு ஒன்றும் இல்லை. லிங்கருக்குள் இதே மாட்யூல் கோப்பாக எழுதப்பட்டுத் திரும்பப் படிக்கப்படுவதில்லை. நினைவகத்திலேயே ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. அதனால் அங்கே உரிப்பு நடக்கவில்லை, கிராஷ் வருகிறது. ‘-டிஸேபிள்-ஆட்டோ-அப்கிரேட்-டீபக்-இன்ஃபோ’வும் ‘-டிஸேபிள்-வெரிஃபை’யும் சேர்த்துக் கொடுத்து எல்எல்சியை மறுபடி ஓட்டுங்கள். அதே அசெர்ஷன், அதே இடத்தில், இப்போது ஒற்றைக் கோப்பிலிருந்து வரும்.

ஆனால் மறுபடி விழ வைத்தது பெரிய விஷயம் அல்ல. விஷயம் அந்த முதல் செய்தியில்தான் இருக்கிறது. அது வெரிஃபையரின் வாக்கு: லொகேஷன் இணைப்பு ஒன்று இந்த ஃபங்ஷனுக்குத் தவறான சப்புரோகிராமைக் காட்டுகிறது. கீழே அந்தக் கட்டளை, அது இருக்கும் ஃபங்ஷன், அது காட்டும் சப்புரோகிராம் எல்லாம் பெயரோடு அச்சாகியிருக்கும். அந்த சப்புரோகிராம் ரன்டைம் ஃபங்ஷனுடையது. கட்டளை ஒரு சாதாரண ஸ்டோர். ரன்டைமில் இருந்து இன்லைன் ஆகி வந்த கட்டளை, இன்லைன் ஆகி வந்தேன் என்ற அடையாளம் இல்லாமல் நிற்கிறது.

இனி இதே கேள்வியை பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவதுதான். ‘4.ஆப்ட்’ கோப்பை, பிட்கோட்டைப் படிக்கும்படி உரையாக்கும் எல்எல்விஎம்-டிஸ்ஸுக்குக் கொடுத்தால் அதே புகார். ‘0.ப்ரீஆப்ட்’ கோப்பைக் கொடுத்தால் புகார் வருகிறது, ஆனால் வாசகம் மாறுகிறது: டீபக் தகவல் உள்ள ஃபங்ஷனுக்குள், இன்லைன் ஆகக்கூடிய அழைப்புக்கு லொகேஷன் இருந்தே ஆக வேண்டும். கீழே அச்சாகியிருப்பது பாஸ் செருகிய அந்த அழைப்பு. லொகேஷன் இல்லாத வெறும் அழைப்பு. இங்கே இன்லைனர் இன்னும் ஓடவே இல்லை. டுவார்ஃப் எழுதும் பகுதி எங்கோ தொலைவில் இருக்கிறது. தவறு அவர்கள் இருவருக்கும் முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது. இன்னும் ஒரு படி பின்னால், இணைப்பதற்கு முந்தைய பயனர் மாட்யூலையும் ரன்டைம் மாட்யூலையும் தனித்தனியே சோதித்தால், இரண்டுமே சுத்தம் என்கிறது வெரிஃபையர்.

இது முரண்பாடு இல்லை. வெரிஃபையரின் விதியைக் கவனமாகப் படித்தால் போதும். கூப்பிடும் ஃபங்ஷனுக்கு சப்புரோகிராம் இருந்து, கூப்பிடப்படும் ஃபங்ஷனின் உடல் அதே மாட்யூலில் இருந்து, அதற்கும் சப்புரோகிராம் இருந்தால் மட்டுமே அழைப்புக்கு லொகேஷன் கேட்கிறது. தனி மாட்யூலில் ரன்டைம் ஃபங்ஷன் வெறும் அறிவிப்பு. அதை இன்லைன் செய்ய முடியாது, ஆகவே கேட்பதில்லை. இணைத்த மறுகணம் உடல் வந்துவிடுகிறது, விதி உயிர்பெறுகிறது. எல்டிஓ இந்தப் பிழையை உண்டாக்கவில்லை. அது உறங்கிக் கிடந்த இடத்தில் விளக்கை ஏற்றியிருக்கிறது, அவ்வளவுதான். இணைத்தவுடன் ஓடியிருக்க வேண்டிய வெரிஃபையரை வேகத்துக்காக அணைத்து வைத்ததால் அந்த வெளிச்சமும் நமக்குக் கிடைக்கவில்லை. எல்டிஓ எந்த வழியாக அழைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இதே தவறு மூன்று வேடங்களில் வரும்: டீபக் தகவல் உரிக்கப்பட்டது என்ற எச்சரிக்கை, மாட்யூல் உடைந்திருக்கிறது என்று நின்றுபோகும் லிங்க், அல்லது இங்கே பார்த்த கிராஷ். மூன்றுக்கும் வேர் ஒன்று என்பது பலருக்கும் தெரிவதில்லை. முதல் வேடத்தில் வந்தால் எச்சரிக்கையைக் கடந்து போய்விட்டு, பைனரியில் டீபக் தகவல் ஏன் இல்லை என்று பிறகு தேடுவார்கள்.

இன்லைனரின் பங்கு இதில் சிறியது, ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. ஒரு ஃபங்ஷனின் உடலை இன்னொன்றுக்குள் கொட்டும்போது, உள்ளே வந்த ஒவ்வொரு கட்டளையின் லொகேஷனுக்கும் ‘இன்லைன்ட்அட்’ அங்கத்தை அது நிரப்ப வேண்டும். எதைக் கொண்டு நிரப்புவது? அழைப்பின் லொகேஷனைக் கொண்டு. அழைப்புக்கே லொகேஷன் இல்லை என்றால் நிரப்ப எதுவும் இல்லை. வரி எண்களைச் சரிசெய்யும் அந்த ஃபங்ஷன் முதல் வரியிலேயே திரும்பிவிடுகிறது. வந்த கட்டளைகள் பழைய முகவரியோடு புது வீட்டில் நிற்கின்றன. இதைப் பார்த்து, இன்லைனரைத் திருத்தலாமே, லொகேஷன் இல்லாத அழைப்பைச் சந்தித்தால் அதுவே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளட்டுமே என்று தோன்றலாம். காலியா என்று பார்க்கும் வரியைவிட இது நாகரிகமான யோசனைதான். ஆனால் வெரிஃபையர் சொல்லும் ஒப்பந்தம் அழைப்பை உருவாக்குகிறவர் தலையில் இருக்கிறது. இன்லைனர் பூசி மெழுகினால், லொகேஷனைத் தொலைக்கும் பாஸ்கள் எல்லாம் என்றைக்குமே அகப்படாது.

அல்லோகாவும் ஐஆர்பில்டரும்

பாஸ் லொகேஷனை வேண்டுமென்றே விடவில்லை. நுழைவு பிளாக்கின் முதல் செருகுமிடத்தைக் கேட்டு, அங்கே இருக்கும் கட்டளையை வைத்து ஐஆர்பில்டர் (கட்டளைகளை உருவாக்கிச் செருகும் எல்எல்விஎம் வகுப்பு) ஒன்றை உருவாக்கி, அழைப்பைச் செருகுகிறது. ஐஆர்பில்டர் ஒரு கட்டளையின் முன்னால் போய் நிற்கும்போது அந்தக் கட்டளையின் லொகேஷனைத் தானாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான பாஸ்கள் இந்த வசதியின் தயவில்தான் டீபக் தகவலைப் பற்றி யோசிக்காமலேயே சரியாக ஓடுகின்றன. அந்த முதல் கட்டளைக்கே லொகேஷன் இல்லையென்றால்?

சி, சி++ நிரலை ஐஆராக மாற்றும் கிளாங் உருவாக்கும் ஒரு ஃபங்ஷனை ஆப்டிமைசேஷனுக்கு முன் திறந்து பாருங்கள். ஒரு முழு எண்ணை வாங்கி அதைக் கொண்டு ஏதோ கணக்கிடும் சின்ன ஃபங்ஷன் போதும். முதல் வரியில் அல்லோகா: அளவுருவுக்கு இடம் ஒதுக்குவது. அதற்கு லொகேஷன் இல்லை. அடுத்து, வந்த மதிப்பை அந்த இடத்தில் வைக்கும் ஸ்டோர். அதற்கும் இல்லை, இது புரோலாக்கின் (ஃபங்ஷனின் தொடக்க ஆயத்தக் கட்டளைகளின்) பகுதி, பிரேக்பாயிண்ட் இதைத் தாண்டித்தான் நிற்க வேண்டும் என்பதால் கிளாங் வேண்டுமென்றே விடுகிறது. அதற்குப் பிறகு வரும் லோடு கட்டளையில்தான் முதல் முறையாக வரி எண் தலைகாட்டுகிறது. அளவுருவும் உள்மாறிகளும் இல்லாத, எதையும் திருப்பித் தராத ஒரு ஃபங்ஷனில் முதல் கட்டளையே உண்மையான வரியோடு இருக்கும். ஆகவே ஒரே பாஸ், ஒரே கோப்பில், சில ஃபங்ஷன்களுக்கு லொகேஷனோடும் சிலவற்றுக்கு இல்லாமலும் அழைப்பைச் செருகியிருக்கும். அளவுருவோ உள்மாறியோ இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து கம்பைலர் விழுவதும் விழாததும் இப்படித்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் டெஸ்ட் எழுதினால், உடல் காலியான ஃபங்ஷனை வைத்து எழுதிவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம்.

அல்லோகாக்களைத் தாண்டிச் செருகினால் போதாதா என்றால், போதாது. தாண்டியவுடன் நிற்பது அந்த லொகேஷன் இல்லாத ஸ்டோர். அதையும் தாண்டி முதல் வரி எண் உள்ள கட்டளையின் லொகேஷனைக் கடன் வாங்கலாம். கிராஷ் நிற்கும், ஆனால் வேறொன்று கெடும். டுவார்ஃப் வரி அட்டவணையில் ‘புரோலாக் முடிந்தது’ என்ற குறியை எல்எல்விஎம் முதலில் வரும் பூஜ்யமல்லாத வரி எண்ணில் வைக்கிறது. நாம் செருகிய அழைப்பு ஃபங்ஷனின் தலையில் நின்றுகொண்டு நிஜ வரி எண்ணைச் சுமந்தால், குறி அதன்மேல் விழும். பயனர் பிரேக்பாயிண்ட் வைத்தால் அளவுருக்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்னரே டீபக்கர் நின்று, குப்பை மதிப்புகளைக் காட்டும். வரி எண்ணை வைத்து வேலை செய்யும் சாம்பிள் புரொஃபைலும் அந்த வரியின்மேல் தவறான எடையை ஏற்றும்.

சரியான விடை வரி பூஜ்யம். டுவார்ஃபில் வரி 0 என்றால், இது கம்பைலர் தானே உருவாக்கியது, மூல நிரலின் எந்த வரியும் இதற்குப் பொறுப்பல்ல என்று பொருள். பாஸில் எழுத வேண்டியது நான்கைந்து வரிதான். ஃபங்ஷனிடம் சப்புரோகிராம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால், வரி 0, நெடுவரிசை 0, ஸ்கோப்பாக அந்த சப்புரோகிராம், ‘இன்லைன்ட்அட்’ காலி என்று ஒரு டிஐலொகேஷனை உருவாக்கி ஐஆர்பில்டரின் நடப்பு லொகேஷனாக வைக்க வேண்டும். இதை செருகுமிடத்தை அமைத்த பிறகுதான் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் செருகுமிடத்தை அமைக்கும்போது அல்லோகாவின் காலி லொகேஷன் வந்து இதை அழித்துவிடும். சப்புரோகிராம் இல்லையென்றால் எதுவும் வைக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள ஓர் அழைப்பை இடம் மாற்றும் பாஸ் என்றால், எல்எல்விஎம்மின் ‘டிராப்லொகேஷன்’ இதே வேலையைச் செய்துகொடுக்கும்: சாதாரணக் கட்டளையின் லொகேஷனை வெறுமனே நீக்கும், அழைப்பாக இருந்தால் மட்டும் நீக்காமல் ஃபங்ஷனின் ஸ்கோப்போடு வரி 0 ஆக மாற்றும். அழைப்புகளுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவனிப்பு என்று டிராப்லொகேஷனின் குறிப்பைப் படித்துக் குழம்பியிருந்தால், இந்தக் கிராஷ்தான் பதில்.

ரன்டைமை ‘-ஜி’ இல்லாமல் கட்டினாலும் கிராஷ் போய்விடும். கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்கு சப்புரோகிராம் இல்லையென்றால் வெரிஃபையரும் கேட்பதில்லை, உள்ளே வரும் கட்டளைகளிலும் தவறான முகவரி இல்லை. அவசரத்துக்கு இதைச் செய்வதில் தவறில்லை. பாஸில் உள்ள குறை மட்டும் அடுத்த ரன்டைமுக்காகக் காத்திருக்கும்.

டெஸ்ட் எழுதும்போது

முதலில் குறுக்குதல், அதாவது பிழை மட்டும் மிஞ்சும்படி கோப்பைச் சிறிதாக்குவது. ‘எல்எல்விஎம்-ரெட்யூஸ்’ கருவிக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் ‘கம்பைலர் விழுந்ததா’ என்று மட்டும் கேட்டால், அது நம்மை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். குறுக்கும்போது பாதி வழியில் வேறு காரணத்துக்காக விழும் கோப்பைப் பிடித்துக்கொள்ளும். இங்கே கிராஷையே தேட வேண்டியதில்லை. ரன்டைம் மாட்யூலை அப்படியே வைத்துக்கொண்டு, பயனர் மாட்யூலை மட்டும் குறுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் இரண்டு நிபந்தனைகளைச் சோதித்தால் போதும். ஒன்று, குறுக்கிய மாட்யூல் தனியாக வெரிஃபையரைத் தாண்ட வேண்டும். இரண்டு, ரன்டைமோடு ‘எல்எல்விஎம்-லிங்க்’ செய்தால் அந்த லொகேஷன் வாசகம் எரர் வெளியீட்டில் இருக்க வேண்டும். எல்எல்விஎம்-லிங்க் இணைத்து முடித்தவுடன் வெரிஃபையரை ஓட்டுவதால் இது சில நொடிகளில் முடியும் சோதனை. கடைசியில் மிஞ்சுவது ஓர் ஃபங்ஷன், ஓர் அழைப்பு, ஒரு ரிட்டர்ன், நான்கைந்து மெட்டாடேட்டா வரி. கிராஷ் வரைக்குமே போய்ப் பார்க்க விரும்பினால் ரன்டைம் ஃபங்ஷனின் உடலில் குளோபல் ஒன்றுக்கு ஒரு ஸ்டோராவது லொகேஷனோடு இருக்க வேண்டும். வெறும் ரிட்டர்ன் இன்லைன் ஆனால் எதுவும் மிஞ்சாது, எதுவும் விழாது.

திருத்தத்தோடு போகும் டெஸ்டுக்கு எல்டிஓ தேவையே இல்லை. ஒரே ஐஆர் கோப்பில் ரன்டைம் ஃபங்ஷனுக்கு உடலும் தனி சப்புரோகிராமும் கொடுத்துவிடுங்கள். அல்லோகாவில் தொடங்கும் ஒரு பயனர் ஃபங்ஷன், சப்புரோகிராம் இல்லாத இன்னொரு ஃபங்ஷன். பாஸ்களைத் தனியாக ஓட்டும் ‘ஆப்ட்’ கருவியைக் கொண்டு நம் பாஸை மட்டும் ஓட்டினால், திருத்தத்துக்கு முன் வெரிஃபையர் அந்த இடத்திலேயே கத்தும். திருத்தத்துக்குப் பின், வெளியீட்டை எதிர்பார்த்த வாசகங்களோடு ஒப்பிடும் ஃபைல்செக்கில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: முதல் அழைப்புக்கு லொகேஷன் இருக்கிறது, அது வரி 0 என்றும் ஸ்கோப் அந்தப் பயனர் ஃபங்ஷனின் சப்புரோகிராம் என்றும் சொல்கிறது, இரண்டாவது ஃபங்ஷனின் அழைப்புக்கு லொகேஷன் இல்லை. ஸ்கோப்பைச் சோதிக்காமல் லொகேஷன் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பாதி டெஸ்ட். ஒரே ஐஆர்பில்டரை ஃபங்ஷன்களுக்கு இடையே பகிர்ந்துகொள்ளும் பாஸ்களில், முந்தைய ஃபங்ஷனின் லொகேஷன் ஒட்டிக்கொண்டு அடுத்ததற்கு வந்துவிடலாம். அங்கே லொகேஷன் இருக்கும், ஆனால் அடுத்த வீட்டுடையது. இன்லைனரின் உதவிகூட இல்லாமல் அதே அசெர்ஷன் உடையும்.

லொகேஷன் தொலைவதைக் கண்டுபிடிக்கவென்றே ‘டீபகிஃபை’ இருக்கிறதே, அதை ஓட்டினால் அகப்பட்டிருக்காதா என்று கேட்பார்கள். இந்தப் பிழை அதில் அகப்படாது. டீபகிஃபை செயற்கையாக எல்லாக் கட்டளைகளுக்கும் வரிசையாக வரி எண் கொடுத்துவிடும், அல்லோகாக்களுக்கும் சேர்த்து. ஐஆர்பில்டர் அந்தச் செயற்கை எண்ணை எடுத்துக்கொள்ளும், சோதனை தேறிவிடும். கிளாங் தரும் உண்மையான ஐஆரில் மட்டுமே தெரியும் ஓட்டை இது. டீபகிஃபை நல்ல கருவி, ஒவ்வொரு புதுப் பாஸுக்கும் ஓட்ட வேண்டியது. ஆனால் அது தேறியதை வைத்து நுழைவு பிளாக்கில் செருகும் பாஸை நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு கம்பைலரான ஜிசிசியில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு நிலம் வேறு. ஜிசிசி 8 முதல் டைப்கள், அறிவிப்புகள் பற்றிய டுவார்ஃப் கம்பைல் கட்டத்திலேயே எழுதப்பட்டு ஆப்ஜெக்ட் கோப்பின் தனி செக்‌ஷன்களில் உட்கார்ந்துவிடுகிறது; லிங்க் கட்டத்தில் அதைச் சுட்டிக்காட்டி முகவரிகளை மட்டும் சேர்க்கிறார்கள். அதனால் அங்கே வரும் கிராஷ்களில் கேட்க வேண்டிய கேள்வி, சுட்டப்படும் பதிவு முதல் கட்டத்தில் எழுதப்பட்டதா என்பது. ‘-எஃப்எல்டிஓ-பார்ட்டிஷன்=நன்’ கொடுத்து கிராஷ் நிலைக்கிறதா என்று பார்ப்பது அங்கே முதல் அடி; பிரித்து வைக்கும் வேலையில் சிக்கலா, டுவார்ஃப் எழுதும் வேலையிலா என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

திருத்தம் போட்ட பிறகு நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். புதுக் கம்பைலரால் லிங்க் மட்டும் செய்து பார்த்துவிட்டு, இன்னும் விழுகிறதே என்பார்கள். பாஸ் ஓடியது கம்பைல் கட்டத்தில். லொகேஷன் இல்லாத அழைப்பு ஏற்கெனவே பிட்கோட்டாக ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும், எப்போதோ கட்டி வைத்த ‘.ஏ’ ஆர்க்கைவ்களிலும் உறைந்து கிடக்கிறது. ஆர்க்கைவ் உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். பிறகு ‘--டிஸேபிள்-வெரிஃபை’யை எடுத்துவிட்டு லிங்க் செய்து, வந்த பைனரியை ‘எல்எல்விஎம்-டுவார்ஃப்டம்ப் --வெரிஃபை’க்குக் கொடுங்கள். அதோடு பயனர் ஃபங்ஷன் ஒன்றின் பதிவைத் திறந்து பாருங்கள். ரன்டைம் ஃபங்ஷன் அதற்குள் இன்லைன் ஆன சப்ரூட்டீனாக, தன் முகவரி எல்லையோடு, பூஜ்ய வரியிலிருந்து கூப்பிடப்பட்டதாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியாக, அதே நிரலை ‘-ஜி’ இல்லாமல் ஒரு முறை கட்டி, இரண்டு பைனரிகளிலும் மெஷின் கட்டளைகள் இருக்கும் ‘.டெக்ஸ்ட்’ செக்‌ஷனையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால், சப்புரோகிராம் இருக்கிறதா என்ற அந்த நிபந்தனைக்குள் லொகேஷனோடு அழைப்பையும் தவறுதலாகச் சேர்த்து எழுதியிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.